1972 எம்ஜிபி: ஒன்ராறியோவிலா, பஃபலோவிலா? எல்லை தாண்டி எடுத்தவர்களின் உதவி தேவை

உறவுகளே, குரோம் பம்பர் எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) இரண்டு பார்வையில் இருக்கின்றன: ஒன்று ஹமில்டனில், மற்றது நியூயோர்க் மாநில பஃபலோவில். இரண்டும் 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்.

ஹமில்டன் காரில் பயம் கறள்தான். கதவுக்குக் கீழே ஓடும் சில் பல அடுக்குத் தகடு. வெளித்தகடு புதிதாக மின்னினாலும் உள்ளே உக்கியிருக்கலாம். திறந்த கார் என்பதால் உடம்பைத் தாங்குவதே அதுதான். ஜாக்கியில் உயர்த்தியபின் கதவின் பின் இடைவெளி மேல்பக்கம் ஒடுங்கிக் கதவு இறுகினால், சில்லைக் கழற்றி வெல்ட் செய்யாமல் தீராது. காந்தம் ஒட்டாத இடம் புட்டி, அதாவது ஓட்டையை மறைக்கும் பூச்சு. எஞ்சின் சூடானபின் ஓட்டத்தில் ஒயில் அழுத்தம் 50 பிஎஸ்ஐ காட்டினால் போதும், எஞ்சின் திருத்துவது சுலபம்.

பஃபலோ காரில் சிக்கல் ஆவணங்கள்தான். 15 வயது கடந்ததால் கனடாவின் ஆர்ஐவி (இறக்குமதி வாகனப் பதிவகம்) பதிவு வேண்டாம். ஆனால் அமெரிக்கச் சுங்கத்திடம் 72 மணி நேரம் முன்பே ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். மின்னணு ஏற்றுமதிப் பதிவு செய்ததும் கிடைக்கும் ஐடிஎன் என்ற உறுதி இலக்கமும் வேண்டும். நியூயோர்க்கில் 1972 வரையான மொடல்களுக்கு டைட்டில் (உரிமைச் சான்று) கிடையாது, கைமாற்றக்கூடிய பதிவுத்தாள் மட்டுமே.

அந்தப் பதிவுத்தாளோடு பஃபலோ எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜ் கடந்தவர்கள் யாராவது உண்டா? விற்பனைச் சீட்டில் நோட்டரி முத்திரை கேட்டார்களா? ஏற்றுமதிப் பதிவுக்கு முகவர் எவ்வளவு எடுத்தார்? இங்கிலாந்தில் செய்த காருக்குக் கனடாவில் என்ன சுங்க வரி போட்டார்கள்? ஹமில்டன் பக்கம் சில் வெல்ட் செய்யும் நல்ல கை தெரிந்தாலும் சொல்லுங்கள்.