எலஹங்கா ஏர் ஷோவுக்கு ஒரே லென்ஸ்: 100-400 எடுப்பதா, 200-500 எடுப்பதா?

மேகமூட்டம்:
கேமரா நிக்கான் டி7500. கையில் 18-140 மி.மீ. லென்ஸ் மட்டும்தான். பெங்களூரு எலஹங்காவில் நடக்கும் அடுத்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குள் ஒரு டெலி ஜூம் (தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) வாங்கணும். மற்ற நாட்களில் சென்னையில் இறங்கும் பயணிகள் விமானங்களுக்கும் அதுவே போதணும். நிக்கான் 200-500 எஃப்5.6, டாம்ரான் 100-400 எஃப்4.5-6.3, இரண்டில் எது? "விமானத்துக்கு 600 இல்லாம ஆகாது" என்கிறார் கடைக்காரர். ட்ரைபாட் கிடையாது.

ஓடுபாதை:
100-400 எடுங்க. 400க்காகச் சொல்லவில்லை, 100க்காகச் சொல்கிறேன்.

உங்களுடையது கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமை விடச் சிறியது), அகலம் 23.5 மி.மீ. 200இல் வைத்தால் 500 மீட்டர் தூரத்தில் ஃபிரேமுக்குள் அடங்குவது சுமார் 59 மீட்டர். விமானப்படையின் சாகசக் குழுவான சூரியகிரணின் ஹாக் விமானத்துக்கு இறக்கை வீச்சு ஏறக்குறைய 10 மீட்டர். ஐந்து பக்கவாட்டில் விரிந்தாலே 50 ஆச்சு. புகை விட்டுப் பிரியும் நொடியில் பாதி வெளியே போய்விடும். 100இல் அதே தூரத்துக்கு 117 மீட்டர் கிடைக்கும். ஏ320 விமானம் 37.6 மீட்டர் நீளம். 200இல் மூக்கிலிருந்து வால் வரை அடங்கவே 320 மீட்டர் தள்ளி நிற்கணும். 100 என்றால் 160 போதும்.

மறுபக்கம் என்ன இழப்பு? 1 கி.மீ. தூரத்தில் சுகோய்-30 (21.9 மீட்டர்) 400இல் சுமார் 2,080 பிக்சல் அகலம் வரும், 500இல் 2,600. வித்தியாசம் அவ்வளவுதான், படத்தை வெட்டிப் பெரிதாக்கி (க்ராப்) சமாளிக்கலாம். வெளியே போன இறக்கையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எடையும் பாருங்க. டாம்ரான் 1.1 கிலோ, 200-500 ட்ரைபாடில் மாட்டும் வளையத்தோடு (காலர்) 2.3 கிலோ. தலைக்கு மேல் தூக்கிச் சுழற்ற அது பெரிய வித்தியாசம்.

வால்சிறகு:
ஓடுபாதை சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். தேஜஸ், ரஃபேல் மாதிரி தனி விமான சாகசம் மட்டும் வேணும் என்றால் 200-500தான் என் தேர்வு, 500இலும் நல்ல கூர்மை. ஆனால் ஒரே கேமரா பாடியை வைத்துக்கொண்டு நடுவில் 18-140க்கு மாற்றலாம் என்று நினைக்காதீங்க. எலஹங்கா தூசியில் சென்சார் முழுக்கப் புள்ளி விழும், நீல வானத்தில் ஒன்றுவிடாமல் தெரியும்.

600 வேணும் என்பவர்கள் கானலை (சூட்டில் காற்று நெளிவது) மறந்துவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு மேல் தார் சூடேறினால் ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தின் வால் எண் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. கண்டுபிடிக்க வழி: தொடர்ந்து எடுத்த பத்துப் படங்களில் நெளிவு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருந்தால் கானல். எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். பின்னால் புல் பளிச்சென்று இருந்து விமானம் மங்கினால் ஃபோகஸ். இதைப் பிரித்துப் பார்க்காமல் லென்ஸைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

ஷட்டர் வேகம்: ஜெட்டுக்கு 1/1250 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். ஹெலிகாப்டருக்கு அதே வேகம் வைத்தால் ரோட்டார் உறைந்துபோய், பொம்மை தொங்கவிட்ட மாதிரி இருக்கும். ரோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொண்டால், 1/1000இல் இறக்கை நகர்வது 1.8 டிகிரி, 1/125இல் 14 டிகிரி, 1/60இல் 30 டிகிரி. முதலில் 1/250இல் நாலு படம் பத்திரமா எடுத்துவிட்டு 1/125க்கு இறங்குங்க. பானிங் செய்யும்போது (விமானத்தோடு கேமராவையும் திருப்பி எடுக்கும்போது) ஆட்டம் குறைக்கும் வசதியை டாம்ரானில் விசி மோடு 2, நிக்கானில் விஆர் ஸ்போர்ட் என்று வையுங்க.

மேகமூட்டம்:
நன்றி இருவருக்கும். 100-400 செகண்ட்ஹேண்டில் ஒன்று இருக்கு. எதைச் சோதிக்கணும்? போலரைசர் ஃபில்டர் போடலாமா?

ஓடுபாதை:
போலரைசர் வேண்டாம். ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்), காக்பிட் கண்ணாடியில் வானவில் பட்டை விழும். மலிவான யுவி ஃபில்டரையும் கழற்றிடுங்க. 400இல் அது கூர்மையைக் கெடுக்கும்.

முதலில் முன்பக்கம் டார்ச் அடித்துப் பின்பக்கம் வழியாகப் பாருங்க. சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை, பேரமே பேச வேண்டாம். பிறகு செங்கல் சுவருக்கு நேர் எதிரே நின்று, 400இல் முழுத் திறப்பில் எடுத்து நாலு மூலையையும் பெரிதாக்குங்க. ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கு. ஃபோகஸ் எல்லா மூலையிலும் ஒரே அளவு தள்ளிப் போனால் பயப்பட வேண்டாம், டி7500 மெனுவில் அதைத் திருத்தும் ஏஎஃப் ஃபைன் ட்யூன் இருக்கு. ஆனால் அது ஒரு லென்ஸுக்கு ஒரே மதிப்பைத்தான் வைத்துக்கொள்ளும். 400இல் சரிபண்ணுங்க, 100இல் ஃபோகஸ் ஆழம் அதிகம், சின்னப் பிழை தெரியாது.

வால்சிறகு:
ஒன்று விட்டுப்போச்சு. வெளிர்வானத்தில் சாம்பல் நிற விமானம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) +0.7 ஏற்றிவையுங்க. பின்னால் மரமோ கட்டடமோ வரும்போது மறக்காமல் சுழியத்துக்குக் கொண்டுவாங்க.