தங்கம் இரண்டுதான், கோப்பை மட்டும் 60 புள்ளி வித்தியாசத்தில் எப்படி?

கேட்டவர்: கோதா_65கிலோ

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். இறுதிச் சுற்று நமக்கு ஞாயிறு விடிகாலை வரும், பால்காரர் மணியடிக்கும்போது நான் இன்னும் தூங்கியிருக்க மாட்டேன், அம்மாவிடம் திட்டும் உண்டு. 2025 தேசியப் போட்டியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணி 177 புள்ளிகள் எடுத்தது. இரண்டாவது வந்த நெப்ராஸ்கா 117, மூன்றாவது ஓக்லஹோமா ஸ்டேட் 102.5. ஆனால் மூன்று அணிக்கும் தங்கம் ஆளுக்கு இரண்டுதான்! அப்புறம் எப்படி இவ்வளவு தூரம் விலகிப் போனார்கள்?

இதை ஏன் குடைகிறேன் என்றால், போன வருடம் எங்கள் கல்லூரிக்கு இதே கதைதான், தலைகீழாக. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மூன்று தங்கம் அடித்தோம், ஒரே ஒரு தங்கம் வாங்கியவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும் பேருந்தில் யாரும் பேசவில்லை.

---

பதில்: பழைய_பயில்வான்

தம்பி, நீ பார்த்தது இறுதிச் சுற்றை மட்டும். கோப்பை அதற்கு முன்பே, யாரும் பார்க்காத வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் முடிந்துவிடும்.

அங்கே 125 பவுண்டிலிருந்து 285 பவுண்டு வரை, அதாவது நம் கணக்கில் சுமார் 57 கிலோவிலிருந்து 129 கிலோ வரை, பத்து எடைப்பிரிவு. ஒரு எடைக்கு 33 பேர், ஒரு அணிக்கு ஒரு எடையில் ஒரே ஆள். முதல் எட்டு இடத்துக்கும் புள்ளி உண்டு: 16, 12, 10, 9, 7, 6, 4, 3. இது போக, இடத்தை முடிவு செய்யும் கடைசி ஆட்டம் தவிர மற்ற ஒவ்வொரு வெற்றிக்கும் முன்னேறும் புள்ளி (முதன்மைச் சுற்றில் 1, மறுவாய்ப்புச் சுற்றில் அரை), முதுகைத் தரையில் பதித்து ஃபால் எடுத்தால் 2 போனஸ். ஒரு சாம்பியன் ஐந்து ஆட்டத்தையும் சும்மா ஜெயித்தால் 20, ஐந்திலும் ஃபால் எடுத்தால் 30. அதற்கு மேல் ஒரு ஆளால் முடியாது.

இப்போது கணக்குப் போடு. இரண்டு சாம்பியனும் ஆளுக்கு முப்பது எடுத்தார்கள் என்றே வைத்துக்கொள், அப்போதும் அறுபதுதான். 177இல் அறுபது போனால் 117. அதாவது தங்கம் வாங்காத மீதி எட்டுப் பேர் எடுத்ததே, குறைந்தபட்சம், நெப்ராஸ்காவின் மொத்த அணி எடுத்ததற்குச் சமம். பென் ஸ்டேட்டின் பத்துப் பேரும் முதல் எட்டு இடத்துக்குள் வந்தார்கள், ஒருவன்கூட வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவில்லை.

அரையிறுதியில் தோற்றவன் அழுதுகொண்டு உட்காரக் கூடாது, மறுவாய்ப்புச் சுற்றுக்குப் போக வேண்டும். அங்கே ஜெயித்து மூன்றாவது வந்தால் போனஸ் இல்லாமலே 13.5. 2024இல் பென் ஸ்டேட்டின் டைலர் கேசக் முதல் ஆட்டத்திலேயே தோற்று, அதற்குப் பிறகு ஏழு ஆட்டத்தை வரிசையாக ஜெயித்து மூன்றாவது வந்தார். எனக்கு அந்த ஏழு ஆட்டம்தான் பெரிது, சாம்பியன்களை எல்லோரும் பார்க்கிறார்கள்.

---

பதில்: வியாசை_தங்கை

அண்ணன் சொன்ன கணக்கு சரி, ஆனால் அந்தப் பத்துப் பேர் எப்படி ஒரே இடத்தில் சேர்ந்தார்கள்? கேல் சாண்டர்சன் 2009இல் பென் ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளராக வந்தார். கல்லூரி நாளில் 159 ஆட்டம், ஒரு தோல்வி இல்லை, 2004 ஒலிம்பிக் தங்கம் வேறு. 2011 முதல் 2025 வரை 12 கோப்பை. நடுவே 2015இல் ஓஹியோ ஸ்டேட் ஜெயித்தது, 2021இல் ஐயோவா ஜெயித்தது, 2020இல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை.

அதைவிட முக்கியம், மாணவன் தினமும் யாரோடு கட்டிப்புரள்கிறான் என்பது. டோக்கியோவில் நம் தீபக் புனியாவை அரையிறுதியில் 10-0 என்று அடித்தாரே டேவிட் டெய்லர், அவர் அந்தக் கல்லூரியில் படித்து, முடித்த பிறகும் அதே ஊர் கிளப்பில்தான் பயிற்சி செய்தார். பத்தொன்பது வயதுப் பையனுக்கு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒலிம்பிக் சாம்பியனிடம் அடி வாங்கக் கிடைத்தது. எங்கள் கோதாவில் 50 கிலோவில் நான் ஒருத்திதான், எனக்குத் துணை 62 கிலோ அக்கா. அவர் மேலே விழுந்தால் டெக்னிக் எல்லாம் மறந்துபோகும்.

(அந்த டெய்லர்தான் இப்போது ஓக்லஹோமா ஸ்டேட் பயிற்சியாளர். முதல் வருடமே மூன்றாவது இடம், கவனிக்க.)

---

பதில்: சும்மா_பார்ப்பவன்

எனக்கு அலுத்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். 2024இல் பென் ஸ்டேட் 172.5, இரண்டாவது அணி 72.5, சரியாக நூறு புள்ளி வித்தியாசம். இதில் என்ன போட்டி இருக்கிறது? பென் ஸ்டேட்டின் கார்ட்டர் ஸ்டாரோச்சி ஐந்து பட்டம் என்கிறார்கள், வழக்கமான நாலு வருடத்துக்கு மேல் கொரோனா வருடத்துக்காகக் கொடுத்த கூடுதல் வருடம் இல்லாவிட்டால் ஐந்தாவது ஏது?

---

பதில்: பழைய_பயில்வான்

கூடுதல் வருடம் எல்லோருக்கும்தான் கொடுத்தார்கள், ஐந்து முறை ஜெயித்தவர் ஒருவர்தானே. பயிற்சியாளர் டான் கேபிள் காலத்தில் ஐயோவா 1978 முதல் 1986 வரை தொடர்ந்து ஒன்பது கோப்பை அடித்தபோதும் இதே புலம்பல் இருந்திருக்கும். விளையாட்டு செத்தா போயிற்று?

தம்பி, உங்கள் அணியில் எத்தனை எடைக்கு ஆள் இருந்தது?

---

பதில்: கோதா_65கிலோ

ஆறு. அவர்களிடம் ஒன்பது.

எங்கள் போட்டியில் புள்ளிக் கணக்கு தங்கத்துக்கு 5, வெள்ளிக்கு 3, வெண்கலத்துக்கு 1. எங்கள் 61 கிலோக்காரன் எடை பார்க்கும் நேரத்தில் 300 கிராம் கூட இருந்தான், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறி இறங்கினான், பாட்டிலில் எச்சில் துப்பித் துப்பி வாய் காய்ந்துபோய் நின்றான், கடைசியில் 100 கிராமில் வெளியே அனுப்பிவிட்டார்கள். 125 கிலோவில் எங்களிடம் ஆளே இல்லை. அந்தக் கோப்பைக்காரர்கள் குண்டெறிகிற ஒருவனைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள், அந்த எடையில் மொத்தமே மூன்று பேர், ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெண்கலம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் சிரித்தோம். அவர்கள் 18, நாங்கள் 17.

எங்கள் கல்லூரியிலும் குண்டெறிகிற பையன் ஒருவன் இருக்கிறான், விடுதியில் எதிர் அறை. நாளைக்குப் பேசிப் பார்க்கிறேன், பிரியாணி கேட்பான்.