தகரக் கூரை மண்டபத்தில் கிட்டாரும் தப்புப் பறையும்: ஒலி அமைப்பு எப்படி?

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட மண்டபத்தில், சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடும் மூவரின் கச்சேரி. 80 பேர் வருவார்கள். கிட்டார் இரண்டு, தப்பு ஒன்று. ஒத்திகையில் மைக் கூவுது, கிட்டார் சுருதியும் நிற்குதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1
ஸ்பீக்கர் பாடுபவருக்குப் பின்னால் இருந்தால் கூவத்தான் செய்யும். மைக்குகளுக்கு முன்னே, சபையைப் பார்த்து வையுங்கள். மொனிட்டர் (பாடுபவர் தன் குரலைக் கேட்கும் ஸ்பீக்கர்) மைக்கின் வால்பக்கத்துக்கு நேராக இருக்கட்டும். கார்டியோயிட் மைக், அதாவது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் மைக், அந்தப் பக்கச் சத்தத்தை மிகக் குறைவாகவே வாங்கும். மைக் தலையின் வலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தப் பயன் போய்விடும். மிக்சரில் குரலுக்கான சனலில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டுங்கள். பிக்கப் (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) உள்ள கிட்டாரை, அந்தச் சைகையை மிக்சருக்கு ஏற்றதாக மாற்றும் டிஐ பொக்ஸ் வழியாக மிக்சருக்குக் கொடுங்கள்.

பதில் 2
சுருதிக்கு: குளிரில் வந்த கிட்டாரை 30 நிமிடம் முன்பே உறையிலிருந்து எடுத்து மேடையில் வையுங்கள். மண்டபச் சூட்டில் கம்பி தளரும், சுருதி இறங்கும். புதுக் கம்பி அன்றைக்கே போட வேண்டாம், இரண்டு மூன்று நாள் முன்பே போட்டு இழுத்துவிடுங்கள்.

பதில் 3
தப்புக்கு மைக்கே வேண்டாம். பனியில் தோல் தளர்ந்துவிடும், ஆகவே காய்ச்ச வெளியே நெருப்பு தயாராக இருக்கட்டும். பின்சுவரில் தடித்த கம்பளிகளைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். மழை தகரத்தில் விழுந்தால் எந்த மிக்சராலும் சமாளிக்க ஏலாது. முடிந்தால் பெப்ரவரியில் வையுங்கள்.