பொருள்: மறு: 'ஹைப்பர்ஸ்கேனிங்' – 'மூளை உடன்பதிவு' என்று வைக்கலாம்

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் மூளைகளை ஒரே நேரத்தில் அளக்கும் 'ஹைப்பர்ஸ்கேனிங்' முறைக்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை 'மீவருடல்', 'இணைமூளை வருடல்', 'பன்மூளைப் பதிவு' என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. என் கருத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையில் மேற்படிப்பு படிக்கிறார். பாட்டி பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும் நேரத்தில் இருவர் மூளையிலும் நடப்பதை அளக்க வேண்டும் என்பது அவர் ஆசை. குடும்பங்களிடம் ஒப்புதல் கேட்கும் தாளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். படிக்கப்போகிறவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போய்ப் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டிமார், இன்று செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர். அவர்கள் புரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே சொல் அழகாக இருக்கிறதா என்பதை விட, தவறாக எதையும் எண்ண வைக்கிறதா என்பதையே முதலில் பார்க்கிறேன்.

> 'ஹைப்பர்' என்பதற்கு 'மீ' என்று ஏற்கெனவே இருக்கிறதே, 'மீயுரை' (ஹைப்பர்டெக்ஸ்ட்) போல. 'மீவருடல்' போதாதா?

போதாது ஐயா. இங்கே 'ஹைப்பர்' என்றாலே ஓரிடத்தில் உட்காராத பிள்ளை நினைவுக்கு வரும். 'மீ' அந்தச் சிக்கலைத் தீர்க்கும், ஆனால் மிகுதி என்ற கருத்து அப்படியே நிற்கும். இந்த முறையில் மிகுதியாக எதுவும் செய்வதில்லை. 2002ல் ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியின் ரீட் மாண்டேகு குழுவினர் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். இரண்டு எம்ஆர்ஐ இயந்திரங்களில் இருவரைப் படுக்க வைத்து, இணையத்தால் இயந்திரங்களை இணைத்து, ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று மற்றவர் ஊகிக்கும் விளையாட்டை நடத்தினார்கள். ஒரே வேளையில் இரு மூளைகளையும் அளந்தார்கள் என்பதே அதில் புதுமை.

ஸ்கேனிங்குக்கு 'வருடல்' என்பதும் எனக்கு ஒட்டவில்லை. எம்ஆர்ஐ இயந்திரத்துக்கு அது பொருந்தும். ஆனால் குழாய்க்குள் அசையாமல் படுத்துக்கொண்டு பாட்டி கதை சொல்ல முடியுமா? ஆட்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பழகும்போது அளக்க இன்று பெரும்பாலும் தொப்பிதான். ஒரு வகைத் தொப்பி மூளையின் மின்னலைகளைத் தலைத்தோலிலிருந்து எடுக்கிறது. மில்லிநொடி மாற்றத்தையும் அது காட்டும். ஆனால் தலையை ஆட்டினால், கண்ணைச் சிமிட்டினால் கூடக் குழம்பும். இன்னொரு வகை, அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தலைக்குள் செலுத்தித் திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. கோவிட் காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப்பும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது: ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. இந்த வகை அசைவைக் கொஞ்சம் தாங்கும், குழந்தைகளுக்கும் ஏற்றது. ஆனால் மூளையின் மேற்பரப்பைத் தாண்டி ஆழத்துக்கு எட்டாது, ரத்த ஓட்டம் மாறவே சில நொடிகள் பிடிக்கும். இரண்டுக்கும் பொதுவாக வைக்கப் 'பதிவு' என்ற சொல்லே சரி.

'இணைமூளை' என்று எழுதிய அம்மா மன்னிக்க வேண்டும், அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். தாளின் முதல் வரைவைப் பார்த்த ஒரு பாட்டி, "என் மண்டைக்கும் பேரன் மண்டைக்கும் வயரு போடுவாங்களா?" என்று கேட்டாராம். நியாயமான அச்சம். அதோடு, இரட்டையர்களின் மூளை மின்னலைகளை ஒருசேரப் பதிந்து, ஒருவர் மூளை தொலைவிலிருந்தே மற்றவர் மூளையில் மாற்றம் உண்டாக்குமா என்று தேடிய ஓர் ஆய்வு 1965லேயே வந்தது. மனத்தை மனம் படிப்பது என்ற அந்த வாசனை இன்னும் இத்துறையைச் சுற்றுகிறது. நம் சொல் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

'பன்மூளைப் பதிவு' நல்ல சொல். பத்துப் பேரை வேறுவேறு நாளில் தனித்தனியாக அளந்தாலும் அதே பெயர் பொருந்திவிடும் என்பதுதான் குறை. 2010ல் பிரின்ஸ்டனில் உரி ஹாசன் குழுவினர் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்பவரை முதலில் அளந்தார்கள். அவர் குரலைப் பிறகு மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டி அவர்களை அளந்தார்கள். கேட்பவர் மூளை, சொல்பவர் மூளையைச் சற்றுப் பின்தங்கித் தொடர்ந்தது. தெரியாத ரஷ்ய மொழியில் கதை கேட்டபோது அந்தத் தொடர்பு இல்லை. அருமையான ஆய்வு, ஆனால் இது ஹைப்பர்ஸ்கேனிங் அன்று. ஒரே நேரத்தில் அளக்கவில்லை. நாம் வைக்கும் சொல் 2002 ஆய்வை உள்ளே விட வேண்டும், இதை வெளியே நிறுத்த வேண்டும்.

அதனால் என் பரிந்துரை மூளை உடன்பதிவு. 'உடன்' என்றாலே ஒன்றுக்கு மேற்பட்டது வந்துவிடுகிறது. ஒரே வேளை என்பதும் வந்துவிடுகிறது. உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று எல்லார் வாயிலும் புழங்கும் சொல்தானே.

> பழகும்போது, ஊடாடும்போது என்ற பொருள் எங்கே?

சொல்லுக்குள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மூலச் சொல்லிலும் இல்லை. தேவைப்படும் இடத்தில் 'ஊடாட்ட மூளை உடன்பதிவு' என்று நீட்டிக்கொள்ளலாம்.

> பள்ளிக்கூடத்துத் தாளில் 'பதிவு' என்றால் பிள்ளையைப் பள்ளியில் பதிவது என்று எடுத்துக்கொள்வார்களே?

தலைப்பில் தனியாக நின்றால் அப்படி நேரலாம். 'மூளை' முன்னால் இருப்பதால் ஒலிப்பதிவு போலவே புரியும்.

கூடவே இன்னொரு சொல்லையும் முடிவு செய்துவிடலாம். இரு மூளைகளின் ஏற்ற இறக்கம் ஒத்துப்போவதற்கு 'மூளையிடை ஒத்திசைவு' என்கிறேன். 'மன ஒன்றிப்பு' வேண்டாம். 2017ல் வெளியான நியூயார்க் வகுப்பறை ஆய்வில், 12 உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் மின்னலைகளை ஒரு பருவம் முழுவதும் வகுப்பு நடக்கும்போதே பதிந்தார்கள். பாடத்தில் ஈடுபாடு கூடியபோது ஒத்திசைவும் கூடியது. ஆனால் ஒரே குரலைக் கேட்டாலே மூளைகள் ஓரளவு ஒத்துத்தான் போகும். அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் உண்மை இணைகளின் தரவைக் கலைத்து, பழகாத இருவரைப் பொய் இணையாக்கி ஒப்பிடுகிறார்கள். அந்தக் கவனத்தை நம் சொல் கெடுத்துவிடக் கூடாது.

தாளுக்கு நான் எழுதியிருக்கும் பத்தி இது:

"நீங்கள் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லும்போது இருவரும் ஆளுக்கொரு தொப்பி அணிந்திருப்பீர்கள். தொப்பியிலுள்ள சிறு விளக்குகள், மூளையின் மேற்பகுதியில் ரத்த ஓட்டம் மாறுவதை ஒரே நேரத்தில் அளக்கும். இதற்கு மூளை உடன்பதிவு என்று பெயர். தலைக்குக் கரண்ட் கொடுப்பதில்லை. உங்கள் தொப்பிக்கும் பிள்ளையின் தொப்பிக்கும் நடுவில் வயர் கிடையாது. நீங்கள் நினைப்பது என்ன என்று இதில் தெரியாது. வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்."

ஈழத்து, தமிழக நண்பர்கள் இதை வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்று எழுதுங்கள். அப்புறம்தான் தம்பியிடம் தாளைக் கொடுப்பேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து