லிபரல் ஆர்ட்ஸ் காலேஜில் காலநிலை அறிவியல் பேராசிரியர் வேலை, நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன தயார் செய்வது?

ஐப்பசி_மழை:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலையில் மூன்று வருடமாக போஸ்ட்டாக், அதாவது பிஹெச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை. வடகிழக்குப் பருவமழையும் கனமழையும்தான் என் ஆய்வு. செப்டம்பரில் இருபது இடங்களுக்கு மேல் விண்ணப்பம் போட்டேன், பெரிய பல்கலைகள் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் சும்மா போட்டு வைத்த ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜிலிருந்து ஜூம் நேர்காணல் முடிந்து இப்போது இரண்டு நாள் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தமே 2000 மாணவர்கள், எல்லாம் இளநிலைதான், பிஹெச்டி கிடையாது. பதவி ஜியாலஜி துறைக்கும் சுற்றுச்சூழல் படிப்புகளுக்கும் பொது.

அப்பாவிடம் சொன்னால், "நீ சயின்ஸ்தானே படிச்ச, ஆர்ட்ஸ் காலேஜ்ல உனக்கு என்னடா வேலை?" என்கிறார். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கலையும் அறிவியலும் சேர்த்துச் சொல்லித்தரும் இடம் என்று விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன்.

50 நிமிடம் முதலாண்டு மாணவர்களுக்கு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், தலைப்பு என் விருப்பம். ஆய்வுப் பேச்சு தனியாக 40 நிமிடம். நான் இதுவரை டீச்சிங் அசிஸ்டென்டாக இருந்ததோடு சரி. எந்தத் தலைப்பு எடுக்கலாம்? அங்கே பெரிய கணக்குகளுக்கான கம்ப்யூட்டிங் கிளஸ்டர் (பல கம்ப்யூட்டர்களை இணைத்த அமைப்பு) எதுவும் இல்லை, அதைப் பற்றிக் கேட்கலாமா? நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், விசா பேச்சை எப்போது எடுப்பது?

சாக்பீஸ்_தூசி:

தம்பி, வாழ்த்துகள். நான் இப்படி ஒரு காலேஜில் பதினோரு வருடமாக ஜியாலஜி எடுக்கிறேன், மூன்று முறை தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பல்கலை தராததால் இங்கே வருகிறீர்களோ என்ற சந்தேகம் குழுவில் எல்லோருக்கும் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "எனது பிஹெச்டி மாணவர்கள் இதைச் செய்வார்கள்" என்று ஒரு வரி விண்ணப்பத்தில் இருந்தாலே நாங்கள் அந்தக் காகிதத்தைக் கீழே வைத்த காலம் உண்டு, அந்தக் கண்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இனி பேச்சில் தடுக்கி விழாமல் இருந்தால் போதும்.

மாதிரி வகுப்புக்கு உங்கள் ஆய்வை எடுக்காதீர்கள். பூமியின் வெப்பக் கணக்கை எடுங்கள். சூரியனிடமிருந்து சதுர மீட்டருக்கு 1361 வாட் வருகிறது, அதை 4ஆல் வகுத்தால் 340, அதில் 30 சதவீதம் மேகமும் பனியும் திருப்பி அனுப்பிவிடும், மிச்சம் 238. இந்த அளவு வெளியே போக பூமி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் மைனஸ் 18 டிகிரி வரும். நிஜத்தில் சராசரி 15. நடுவில் 33 டிகிரி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த மௌனம் அரை நிமிடம் நீடிக்கும், உங்களுக்கு அரை மணி நேரம் போல இருக்கும், பரவாயில்லை. நானே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும்போதுதான் கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்குவாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் நாங்கள் உங்களைவிட அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஏன் 4ஆல் வகுக்கிறோம் என்பதற்கு (வெயிலை வாங்குவது ஒரு வட்டத்தின் பரப்பு, அது பங்கிடப்படுவதோ அதைப்போல் நாலு மடங்கு பரப்புள்ள உருண்டை முழுக்க) ஒரு ஆரஞ்சையும் டார்ச் லைட்டையும் எடுத்துப் போங்கள். ஸ்லைடு நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

ஆய்வுப் பேச்சில் அரங்கில் பாதிப் பேர் மாணவர்களாக இருப்பார்கள், தத்துவம் எடுப்பவர்கூட வந்து உட்காருவார். சென்னை வெள்ளத்திலிருந்து ஆரம்பியுங்கள். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இரண்டுக்கும் நடுவே இருபது கிலோமீட்டர்தான். உலகத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து வானிலையைச் சொல்லும் இஆர்ஏ5 தரவில் ஒரு கட்டத்தின் அகலமே 31 கி.மீ. ஆக இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய தூரம், அப்படியானால் அந்தக் கட்டம் எந்த ஊர் மழையைச் சொல்கிறது? இதை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் கோடை விடுமுறைப் பத்து வாரத்தில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு தோண்டலாம். தரவு இலவசம், 1940 முதல் இருக்கிறது. கிளஸ்டர் கேள்விக்கும் இதுதான் பதில். வயோமிங்கில் உள்ள டெரெச்சோ போன்ற பொது சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கேட்டு வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பித் திட்டம் சொல்லாதீர்கள். புதிதாகச் சேர்பவருக்கு ஆய்வு தொடங்கக் காலேஜ் தரும் ஸ்டார்ட்அப் பணத்திலேயே சின்னதாக ஒரு சர்வர் கேளுங்கள்.

இன்னொன்று, அந்தக் காலேஜின் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். கார்ல்டன் காலேஜில் பத்து வாரம் ஒரு டெர்ம். கொலராடோ காலேஜில் 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான், மூன்றரை வாரத்தில் முடித்துவிடுவார்கள். இது தெரியாமல் "பதினைந்து வாரப் பாடத்திட்டம்" என்று ஆரம்பித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இருதலைக்_கொள்ளி:

என் பெயரே பதில். இரண்டு துறைக்குப் பொதுவான பதவியில்தான் நானும் சேர்ந்தேன், காலேஜ் பெயர் வேண்டாம். ஜியாலஜிக்காரர்கள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகவில்லையே என்றார்கள். சுற்றுச்சூழல் பக்கம் கொள்கை, சமூகம் பற்றி ஒரு பாடம் எடுங்கள் என்றார்கள். இரண்டு பக்கக் கூட்டத்துக்கும் போனேன், இரண்டு பக்கமும் நான் மற்றவருடைய ஆள் என்று நினைத்தார்கள். மூன்றாம் வருட மதிப்பீட்டில் இரண்டு கடிதம் வந்தது, ஒன்று சொன்னதற்கு நேர்மாறாக மற்றது.

டென்யூர் (பதவி நிரந்தரமாவது) ஓட்டு எந்தத் துறையுடையது, பாடங்கள் எந்த விகிதம், கமிட்டி வேலை எத்தனை, இதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று டீனிடம் கேளுங்கள். "அது பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அது பேசித் தீராது. லேப் வகுப்பை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்பதையும் விடாதீர்கள். மூன்று மணி நேர லேப் சில இடங்களில் அரைப் பாடம், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. வருடத்துக்கு ஐந்து பாடம் என்பார்கள், சேர்ந்த பிறகு பார்த்தால் ஏழு பாடத்து வேலை இருக்கும்.

கோட்டை_அடுப்பு:

எதற்கு அங்கே போகிறீர்கள்? வருடம் ஐந்து பாடம், பிஹெச்டி மாணவர் இல்லை, ஐந்து வருடத்தில் உங்கள் துறையில் உங்களை மறந்துவிடுவார்கள். இன்னொரு வருடம் போஸ்ட்டாக் பார்த்துவிட்டுப் பெரிய இடத்துக்கு முயற்சி செய்யுங்கள்.

சாக்பீஸ்_தூசி:

@கோட்டை_அடுப்பு, மறப்பார்கள் என்பது பாதி உண்மை, மறுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு கட்டுரை வந்தால் எங்களுக்குத் தீபாவளி. ஆனால் "இன்னொரு வருடம்" என்று சொல்வது சுலபம், ஆய்வுப் பணம் இப்போது இருக்கிற நிலையில் அந்த இன்னொரு வருடத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது? தவிர, இவரிடம் படித்துவிட்டு வெளியே போகிறவர்களில் பாதிப் பேர் வக்கீலாகவோ நிருபராகவோ நகராட்சி அதிகாரியாகவோ ஆவார்கள். மிடில்பரி காலேஜில் 1965லேயே சுற்றுச்சூழல் படிப்பை ஆரம்பித்தார்கள், 350 டாட் ஆர்க் என்ற காலநிலை இயக்கத்தை 2008இல் எழுத்தாளர் பில் மெக்கிபன் அந்தக் காலேஜ் மாணவர்கள் சிலரோடு சேர்ந்துதான் தொடங்கினார். அதுவும் ஒரு கணக்குத்தான்.

வரிசையில்_நிற்பவள்:

விசாவுக்கு நான். வேலை உறுதியாகும் வரை அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம். வருடத்துக்கு இத்தனை பேருக்குத்தான் என்ற ஹெச்1பி உச்சவரம்பு காலேஜ்களுக்குக் கிடையாது, அதனால் குலுக்கலும் (லாட்டரி) இல்லை. நீங்கள் ஏற்கெனவே ஹெச்1பியில் உள்நாட்டிலேயே இருப்பதால் 2025 செப்டம்பரில் புதிய ஹெச்1பி மனுக்களுக்கு வந்த அந்த லட்சம் டாலர் கட்டணம் உங்கள் தலையில் விழாது, ஊருக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால் மட்டும் முதலில் வக்கீலிடம் கேளுங்கள். ஆஃபர் வந்ததும் கேட்க வேண்டியது கிரீன் கார்டு. வகுப்பெடுக்கும் பேராசிரியர்களுக்குத் தனி வழி உண்டு, உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் காலேஜ் மனுப் போட்டுவிட்டால் திரும்ப விளம்பரம் செய்து ஆள் தேட வேண்டியதில்லை. சின்னக் காலேஜ்களில் இது தெரிந்தவர் பெரும்பாலும் இருக்க மாட்டார், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். இந்தியர்களுக்கான வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, டோக்கனைச் சீக்கிரம் வாங்கி வையுங்கள்.

மனைவிக்கு அந்த ஊரில் வேலை கிடைக்குமா என்பதும் அப்படித்தான். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், கேட்கக் கூடாது என்று ஹெச்ஆர் சொல்லி வைத்திருக்கும். ஆஃபர் கையில் வந்த பிறகு நீங்களே எடுங்கள்.

ஐப்பசி_மழை:

எல்லோருக்கும் நன்றி, கோட்டை_அடுப்பு உங்களுக்கும்தான். டீனிடம் கேட்க ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டேன். சாக்பீஸ் அண்ணா, நேற்று ராத்திரி ஆரஞ்சும் டார்ச்சும் வைத்து வீட்டுக்காரியிடம் ஒத்திகை பார்த்தேன். அவள் அக்கவுண்ட்ஸ் படித்தவள். 4ஆல் வகுப்பதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஆரஞ்சுக்குப் பின்பக்கம் இருட்டாகத்தானே இருக்கு, வெயிலே படாத இடத்தை எதுக்கு சராசரியில் சேர்க்கறீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லப் பத்து நிமிடம் ஆனது, அதற்குள் ஆரஞ்சை உரித்துவிட்டாள்.

சாக்பீஸ்_தூசி:

அதே கேள்வி வகுப்பிலும் வரும் தம்பி. இரண்டு ஆரஞ்சாக எடுத்துப் போங்கள்.