கூரையில் சோலார் இருந்தால் மின்வெட்டில் விளக்கு எரியுமா?

மின்னோடி:
“கூரையில் சோலார் தகடு பதித்துவிட்டால் மின்வெட்டைப் பற்றிக் கவலையே இல்லை” என்று வெயில்மனை நேற்று எழுதியிருந்தார். இதை நம்பிப் பணம் போடுபவர்கள் ஏமாறுவார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். மின்கட்டமைப்போடு இணைந்த, பேட்டரி இல்லாத சோலார் அமைப்பு, வெளி மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர்மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அதன் இன்வெர்ட்டர் அவ்வாறு அமைக்கப்படுகிறது. தகடு கை வைக்க முடியாதபடி சுடுகிற உச்சி வெயிலில், கீழே மின்விசிறி அசையாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

வெயில்மனை:
என் வீட்டில் மூன்று ஆண்டுகளாக மின்வெட்டிலும் விளக்கு எரிகிறது. கண்ணால் காண்பதை விட்டுவிட்டு உங்கள் பாடத்தை நம்ப வேண்டுமா?

மின்னோடி:
உங்கள் வீட்டில் பேட்டரி இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

வெயில்மனை:
இருக்கிறது. அதை நிரப்புவது தகடுதானே? அப்படியானால் தகட்டால்தான் விளக்கு எரிகிறது.

சிக்கனன்:
இருவரும் தகட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நான்கு விசிறிகள் நாளுக்குப் பத்து மணி நேரம் சுழலும் வீட்டில், அவற்றை மாற்றினாலே நாளொன்றுக்கு 1.8 யூனிட் மிச்சமாகும். முதலில் வீட்டின் செலவைக் குறைத்துவிட்டால், சிறிய தகடே போதுமானதாக இருக்கும்.

மின்னோடி:
கேள்வி அதுவன்று. மேலும், விசிறியைப் பற்றி நீங்கள் பேசுவது எனக்கு வியப்பளிக்கிறது. வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகாது என்று சென்ற மாதம் அடித்துச் சொன்னவர் நீங்கள். மின்னணு ரெகுலேட்டரில் நன்றாகவே மிச்சமாகும் என்று நான் விளக்கியும், இன்றுவரை நீங்கள் திருத்திக்கொள்ளவில்லை.

சிக்கனன்:
தொட்டால் சுடுமே, அந்தப் பழைய பெட்டி ரெகுலேட்டரைத்தான் சொன்னேன். மிச்சமாக வேண்டியதில் பெரும்பகுதியை அதுவே சூடாக்கித் தீர்த்துவிடுகிறது. இதை அன்றே எழுதினேன், நீங்கள் படிக்கவில்லை.

மின்னோடி:
பழையது என்ற சொல்லே உங்கள் பதிவில் இல்லை. அது இருக்கட்டும். வெயில்மனை அவர்களே, மீண்டும் சொல்கிறேன்: மின்வெட்டில் உங்களுக்கு உதவுவது பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும்தான். அவற்றைச் சொல்லாமல் தகட்டை மட்டும் புகழ்ந்தால், வெறும் தகட்டை வாங்கியவர் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொள்வார். பதிவைத் திருத்துங்கள்.

வெயில்மனை:
திருத்த ஒன்றுமில்லை. நேற்று இரவுகூட மின்வெட்டு வந்தது. என் வீட்டில் விளக்கு எரிந்தது.

மின்னோடி:
இரவில் எரிந்ததா? அப்போது தகட்டின்மேல் எந்த வெயில் விழுந்தது?

வெயில்மனை:
பகலில் விழுந்த வெயில்.