‘சீமாபத்தா’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

திருமலை உறவுகளே, சத்யஜித் ராய் 1971இல் எடுத்த ‘சீமாபத்தா’ வங்காளப் படத்தை உப்புவெளியில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட ஆசை. கொழும்புக் கம்பனி வேலைதான் வாழ்க்கை என்று நிற்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மின்விசிறிக் கம்பனி முகாமையாளர் ஒருவர். ஏற்றுமதிக்கு இருந்த விசிறிகளில் குறை தெரிகிறது. அதை மறைக்கத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தத்தைக் கிளப்பிவிடுகிறார். காவலாளி காயப்படுகிறார், இவருக்கோ இயக்குநர் பதவி! அன்றைக்கென்று லிஃப்ட் வேலை செய்யாது, மூச்சிரைக்கப் படியேறி வீட்டுக்குப் போவார். அவர் கொடுத்த கடிகாரத்தை மச்சாள் பேசாமல் கழற்றி வைத்துவிடுவாள்.

ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். தமிழில் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் மொழிபெயர்க்க யாராவது சேர்வீர்களா? புரொஜெக்டர் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், வாடகை தருவோம்.